இரட்டைக் குழலும் இரண்டு விரிசலும்



நமது செய்தி மடலில் இதுவரை ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றியும், பட்டுத் தறிகளைப் பற்றியும், அரசலாற்றுப் படித்துறைகளைப் பற்றியும் படித்திருக்கிறீர்கள். இந்தக் காலாண்டுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. நான் வேலை பார்த்த கிளைகளில் வாசலில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் 12 போர் டபுள் பேரலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு பேசிப் பேசியே அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். "12 போர்" என்றால் என்ன என்று முதலில் சொன்னவரும் அவர்தான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.

சென்ற ஆண்டு நம் நகரில் இருக்கும் ஒரு நண்பர் ஒரு காரியமாக என்னிடம் வந்தார். அவருடைய தகப்பனார் காலமாகி, சொத்துப் பட்டியல் போட வேண்டியிருந்தது. நிலம், வீடு, நகை, பாத்திரம் எல்லாம் எழுதியாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி. தாத்தா யுத்தத்துக்கு முந்தி வாங்கியது. லைசென்ஸ் தகப்பனார் பெயரில் இருந்ததால், அவர் மறைந்ததும் முறைப்படி போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, பிறகு அனுமதி பெற்றுத் திருச்சியில் லைசென்ஸ் உள்ள ஒரு வியாபாரியிடம் டெபாசிட் செய்திருந்தார்கள்.

"சார், நீங்கள் நகை மதிப்பீட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கூட வாருங்கள். என்ன விலை போகும் என்று பார்க்க வேண்டும்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "கட்டையில் விரிசல் இருக்கிறது. அது எதனால் வந்தது என்றும் தெரிய வேண்டும்."

விலைக்காகத்தான் விரிசலைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. பெரியவர்கள் சொல்வது, துப்பாக்கி மாட்டுவண்டியிலிருந்து விழுந்து கட்டை உடைந்தது என்பது. ஊரில் சொல்வது வேறு. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்ட ஒரு பண்ணையாளைத் தாத்தா களத்துமேட்டில் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார், அதில்தான் உடைந்தது என்பது. நண்பர் சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் வாயால் இதைக் கேட்டிருக்கிறார். வீட்டில் கேட்கத் துணியவில்லை.

நெல் விளையும் ஊரில் துப்பாக்கி எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1878-ல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் கலெக்டரின் கையில் இருந்தது. ஆகவே துப்பாக்கி என்பது பன்றி விரட்டவும், வயலில் இறங்கும் உள்ளான், நீர்க்கோழி சுடவும் மட்டும் பயன்பட்ட பொருள் அல்ல. சர்க்கார் நம்மை நம்புகிறது என்பதற்கான அத்தாட்சியும் அதுவே. மிராசுதார் வீட்டுக் கூடத்தில் ராஜா ராணி படத்துக்குக் கீழே அது மாட்டப்பட்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

துப்பாக்கிகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்யப்பட்டவை. மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் நகையும் விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற மதராஸ் கடைகள் தங்கள் பெயரைப் பொறித்து அவற்றை விற்றன. எனவே மேலே மதராஸ் கடையின் பெயர் இருக்கிறதே என்று அதை மதராஸில் செய்தது என நினைத்துவிடக் கூடாது. பெல்ஜியத்தின் லீஜ் நகரிலிருந்தும் மலிவான துப்பாக்கிகள் ஏராளமாக வந்தன. அவற்றில் சில ஆங்கிலப் பெயர் மாதிரித் தோன்றும் பெயர்களோடு வந்தன. உண்மையான பிறப்புச் சான்றிதழ் குழலைக் கழற்றினால் அடியில் இருக்கும். நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் லீஜ். கிரீடத்துக்குக் கீழே பி.வி., பி.பி. என்று இருந்தால் 1904-க்குப் பிறகு பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் தேறியது. கூடவே என்.பி. என்றும் இருந்தால், கரி மருந்துக்கு மட்டுமல்லாமல் புகையில்லா நவீன மருந்துக்கும் சோதித்தது என்று பொருள். நகைக்கு ஹால்மார்க் எப்படியோ அப்படி.

திருச்சிக் கடையில் ஒரு வயதான மிஸ்திரி இருந்தார். துப்பாக்கியை எடுத்ததும் முதலில் மடக்கித் திறந்து இரண்டு குழலும் காலி என்று எங்களுக்குக் காட்டினார். பிறகு மூன்று பாகமாகக் கழற்றித் துணியில் வைத்தார். குழல், பூட்டுப் பெட்டியோடு சேர்ந்த கட்டை, முன்கைக் கட்டை. "எல்லோரும் முதலில் சித்திர வேலையைப் பார்ப்பார்கள் ஐயா. கடைசியில் பார்க்க வேண்டியது அது" என்றார்.

அவர் பார்த்த வரிசையை நான் குறித்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

முதலில் குழல். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். துருப் பிடித்த குழிகள் இருக்கின்றனவா, எங்கேயாவது வளைய நிழல் விழுகிறதா என்று பார்ப்பது. அப்படி நிழல் விழுந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு குழலை ஒரு விரலில் தொங்கவிட்டு மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். மணி மாதிரி நின்று ஒலித்தது. இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பட்டையின் பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் ஒலி செத்துவிடுமாம். தாராசுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கோயில் பலிபீடத்தருகே கம்பி வேலிக்குள் இருக்கும் இசைப் படிகளைச் சிறு வயதில் தட்டிப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டிப் பார்க்காமல் வாங்குகிறவர்களும் இல்லை.

இந்த இடத்தில் மிஸ்திரி வேறொரு பழைய குழலை எடுத்துக் காட்டினார். அதன்மேல் பாம்புச் சட்டை போல வரிகள் ஓடின. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்த டமாஸ்கஸ் குழல். அதைப் பார்த்ததும் எனக்குத் தஞ்சாவூர் பீரங்கி மேடு ஞாபகம் வந்தது. ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கியும் வார்த்து எடுத்தது அல்ல. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, அடித்துச் சேர்த்தது. சுமார் 26 அடி நீளம். ஒட்டுப் போட்டுக் குழல் செய்யும் வித்தை நம் கொல்லர்களுக்கு 17-ஆம் நூற்றாண்டிலேயே கைவந்திருந்தது. ஆனால் டமாஸ்கஸ் குழல் கரி மருந்துக் காலத்தது. எத்தனை அழகாக இருந்தாலும், முறையான சோதனை இல்லாமல் அதில் இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இன்று பரவலாக இருக்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதற்கு உரியது அல்ல.

இரண்டாவது, பூட்டு. குழலையும் கட்டையையும் மாட்டி மூடி, முன்கைக் கட்டையை எடுத்துவிட்டு ஆட்டிப் பார்த்தார். ஆடினாலோ, மூடிய இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தாலோ தேய்மானம் அதிகம். நண்பருடையது பெட்டிப் பூட்டு வகை. 1875-ல் பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்ற இருவர் கண்டுபிடித்த அமைப்பு. இதற்கு வெளியே குதிரை கிடையாது, எல்லாம் உள்ளே அடக்கம். ஆட்டம் இல்லை.

மூன்றாவது, கட்டை. இதற்காகத்தான் போனோம்.

நல்ல துப்பாக்கிக்குக் கட்டை வால்நட் மரம். சுடும்போது பின்னுதைப்பு முழுவதையும் வாங்கி நம் தோளுக்குக் கொடுப்பது அதுதான். அதில் பலவீனமான இடம் இரண்டு. ஒன்று, இரும்புப் பெட்டியோடு மரம் சேரும் தலைப்பகுதி. இன்னொன்று, கை பிடிக்கும் கழுத்து. அங்கே மரம் மிக ஒல்லி. மேலும் பூட்டுக்காக உள்ளே குடைந்திருப்பார்கள். விரிசலை மதிப்பிடுவதென்றால் மூன்று கேள்விதான் என்றார் மிஸ்திரி. எங்கே இருக்கிறது? மரத்தின் ரேகையோடு போகிறதா, ரேகையைக் குறுக்கே வெட்டுகிறதா? மேல் பூச்சோடு நிற்கிறதா, உள்ளே இறங்கியிருக்கிறதா?

நண்பரின் துப்பாக்கியில் ஒரு விரிசல் இல்லை, இரண்டு.

முதலாவது, தலைப்பகுதியில் இரும்பு நாக்குக்குப் பின்னாலிருந்து ரேகையோடு ஒன்றரை அங்குலம் ஓடிய மயிரிழை. அதைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. மிஸ்திரி சுண்ணாம்புக் கட்டியைப் பொடித்து அதன்மேல் தூவிக் கட்டையை லேசாக வளைத்து விட்டார். திருநீறு பூசியது போல இருந்த வெள்ளையில் சற்று நேரத்தில் மஞ்சளாக ஒரு கோடு எழும்பியது. எண்ணெய்.

"வீட்டில் எப்படி வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"பீரோ மூலையில், குழல் மேலே பார்க்க நிறுத்தி."

"எண்ணெய்?"

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிச் சந்தனம் குங்குமம் வைப்போம்."

மிஸ்திரி சிரித்துவிட்டார். குழலில் தடவிய எண்ணெய் வழிந்து வழிந்து பூட்டுப் பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து கட்டையின் தலைக்குள் ஊறும். ஊறிய மரம் மெத்தென்று ஆகிவிடும். பிறகு நாலு தோட்டா சுட்டாலும் இரும்பு பின்னால் இடித்து மரத்தைப் பிளக்கும். அவர் பார்க்கும் பழைய துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் கெட்டிருக்கின்றனவாம். எண்ணெய் தொட்டும் தொடாமலும் போட வேண்டும். போட்ட பிறகு ஓரிரு நாள் குழல் கீழே பார்க்க நிறுத்த வேண்டும். பக்தியும் பராமரிப்பும் ஒன்றல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன். இந்த வகை விரிசலுக்கு வைத்தியம் உண்டு. எண்ணெயை உறிஞ்சி எடுத்துப் பசை ஏற்றி இறுக்கினால் போதும். விலையில் பெரிய பாதகம் இல்லை.

இரண்டாவது விரிசல் கழுத்தில் இருந்தது. அது ரேகையோடு போகவில்லை, சாய்வாகக் குறுக்கே வெட்டியிருந்தது. கழுத்தின் அடியில் பித்தளைத் தகடு பதித்து நான்கு திருகாணி போட்டு யாரோ சீர் செய்திருந்தார்கள். சுத்தமான கும்பகோணத்து வேலை. ஆனால் துப்பாக்கி ஆசாரி செய்தது அல்ல. விற்பதானால் இதுதான் விலையைப் பாதிக்கும். புதிதாக வால்நட் கட்டை போட ஆகும் செலவு துப்பாக்கியின் விலையையே விழுங்கிவிடும்.

நண்பர் மெதுவாகக் கேட்டார். "இது விழுந்து உடைந்ததா, அடித்து உடைந்ததா?"

மிஸ்திரி நீண்ட நேரம் பார்த்தார். கட்டையின் அடிப்பக்க முனையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்ததையும் தடவிப் பார்த்தார். "சுட்டதால் உடையவில்லை ஐயா, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். பக்கவாட்டில் பலம் விழுந்திருக்கிறது. வண்டியிலிருந்து விழுந்தாலும் இப்படித்தான் உடையும். வேறு எப்படி என்றாலும் இப்படித்தான் உடையும். மரம் அதற்கு மேல் சொல்லாது" என்றார்.

எங்கள் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருந்தும் கூலிக்கான சண்டை ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் வந்தார்கள். ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. பன்றி விரட்டக் கொடுத்த லைசென்ஸ் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்த வரலாறு பாதிக் கணக்குதான். கூடத்தில் மாட்டியிருந்த துப்பாக்கி, ஒரு தடவைகூடச் சுடாமலே, வாசலில் கூலிக்கு நின்றவருக்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி விலை. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் மூன்று மதிப்புகளைப் பிரித்துச் சொல்கிறேன். வாங்கிய விலை என்பது ரசீதோடு முடிந்த கதை. இரண்டாவது, வீட்டார் மனத்தில் இருக்கும் மதிப்பு. மூன்றாவது, இன்று விற்றால் கைக்கு வரும் மதிப்பு. வங்கியில் நகை மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டு நிகர எடைக்குத்தான் கடன் எழுதச் சொல்வார். பாட்டி போட்டிருந்த சங்கிலி என்பதற்காக ஒரு கிராம்கூட ஏறாது. துப்பாக்கிக்கும் அதே கதிதான். தனியார் இறக்குமதி 1980-களின் நடுவிலேயே அநேகமாக நின்றுவிட்டதால் நல்ல ஆங்கிலத் துப்பாக்கிக்கு மவுசு உண்டு என்பது உண்மை. ஆனால் வாங்குகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு வேலை இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். வாங்குவோர் குறைவு. கழுத்தில் பித்தளைத் தகடு போட்ட துப்பாக்கிக்கு இன்னும் குறைவு. கடைக்காரர் சொன்ன தொகை நாங்கள் போய் வந்த செலவைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஊர் திரும்பி நண்பரின் தாயாரிடம் நடந்ததைச் சொன்னோம். எழுபத்தைந்து வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தப்பவே பித்தளைத் தகடு இருந்துச்சு தம்பி" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "கட்டையை எதுக்குடா போய்க் கேட்டே? அவரு மகன் இன்னும் அந்த ஊருலதானே இருக்காரு. அவரைக் கேட்டாத் தெரிஞ்சுபோகுது" என்றார். பெயரையும் சொன்னார். இத்தனை வருஷமும் அந்தப் பெயர் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போய் வந்தார். என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இரு குடும்பத்துக்கும் உரியது, செய்தி மடலுக்கு உரியது அல்ல. துப்பாக்கியை அவர் விற்கவில்லை. தன் பெயருக்கு மாற்றவும் மனுக் கொடுக்கவில்லை. அரசிடமே ஒப்படைக்க எழுதிக் கொடுத்துவிட்டார். சொத்துப் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே நான் "மதிப்பு: இல்லை" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் போட்ட பதிவுகளில் இத்தனை நேரம் யோசித்துப் போட்டது வேறொன்றும் இல்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டிலோ இப்படி ஒன்று பரணில் கிடக்கலாம். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால் அது தானாக வாரிசுக்கு வந்துவிடாது. தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு லைசென்ஸுக்கு மனுச் செய்யலாம், லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம், அல்லது அரசிடம் விட்டுவிடலாம். பழைய லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். விலை கேட்கப் போகிறீர்கள் என்றால் குழலின் அடியில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள், குழலைத் தட்டிப் பாருங்கள், கட்டையின் தலையையும் கழுத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். அந்தத் துப்பாக்கியைப் பற்றி விலையைத் தவிர வேறு ஏதாவது தெரிய வேண்டுமானால், வீட்டில் மூத்தவர் யாராவது இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.